விமான நிலைய முடிவை ஓடுபாதையிலிருந்து தொடங்குங்கள்

மாநகர மன்ற உறுப்பினர்களுக்கும் விமான நிலைய நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். விமான நிலையத் திட்டமிடலிலும் பராமரிப்பிலும் பணியாற்றுகிறவர்கள் நாங்கள். பழைய நிலையத்தை மூடிவிட்டுப் புதியது கட்டலாமா என்ற பேச்சு முழுக்க முனையக் கட்டடத்தைச் சுற்றியே நடப்பது எங்களுக்குக் கவலை தருகிறது. ஒழுகும் கூரை, நீளும் வரிசை, பழுதான பயணப்பை பெல்ட் எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றை இருக்கும் இடத்திலேயே பகுதி பகுதியாக இடித்துக் கட்டலாம். தேய்ந்த தார் ஓடுபாதையையும் இரவில் சில மணி நேரம் மூடி, மேல்தாரைச் சுரண்டியெடுத்து, புதிதாகப் போட்டு, விடிவதற்குள் திறந்துவிட முடியும்.

சரிசெய்யவே முடியாதது இடப் பற்றாக்குறை. முதலில் அதை அளந்து பாருங்கள். ஓடுபாதையின் இரு முனைகளிலும் 60 மீட்டர் சமன்செய்த திறந்த பட்டையும், அதையடுத்து 240 மீட்டர் பாதுகாப்புப் பகுதியும் வேண்டும் என்பது ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் பரிந்துரை. அவ்வளவு இடமில்லாத ஊரில், ஓடுபாதையைத் தாண்டி ஓடும் விமானத்தின் சக்கரம் புதைந்து நிற்கும்படி நொறுங்கும் கான்கிரீட் படுகை போடலாம். இல்லையேல் ஓடுபாதையின் பயன்பாட்டு நீளத்தைக் குறைத்து அறிவிக்க வேண்டும். நீளம் குறைந்தால் முதல் அடி நண்பகல் விமானங்களுக்குத்தான். சூடான காற்றின் அடர்த்தி குறைவு. இறக்கையின் தூக்குவிசையும் என்ஜினின் உந்துவிசையும் குறையும். கனத்த விமானம் சரக்கையோ பயணிகளையோ விட்டுவிட்டுப் புறப்பட வேண்டியிருக்கும்.

அடுத்தது இரண்டாம் ஓடுபாதை. இரண்டிலும் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று சாராமல் கருவி வழிகாட்டலில் தரையிறங்க மையக்கோடுகளுக்கிடையே குறைந்தது 1,035 மீட்டர் வேண்டும். ஒன்றில் இறங்குவது, மற்றதில் ஏறுவது என்று பிரித்துக்கொண்டால் 760 மீட்டர் போதும். அதற்கும் நிலமில்லை என்றால் புதிய இடம் பற்றிய வாதம் வலுவானது. அதற்கு முன், இருக்கும் ஓடுபாதையை முழுதாகப் பயன்படுத்துகிறோமா என்று கேளுங்கள். லண்டன் கேட்விக் ஒற்றை ஓடுபாதையிலேயே மணிக்கு 55 விமானங்கள் வரை கையாண்டிருக்கிறது. தரையிறங்கிய விமானம் வேகம் குறையாமலே விலகிச் செல்லும் சாய்வான வெளியேறு பாதைகள் சரியான இடத்தில் இருந்தாலே ஒவ்வொரு தரையிறக்கத்திலும் பல விநாடிகள் மிஞ்சும்.

புதியது கட்டுவதென்று முடிவானால், பழையதன் கதி என்ன என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள். கனடாவின் மான்ட்ரியலில் 1975-இல் புதிய மிராபெல் நிலையம் திறந்தபோது உள்நாட்டு விமானங்கள் பழைய டோர்வால் நிலையத்திலேயே தங்கின. விமானம் மாறிச் செல்பவர்கள் இரு நிலையங்களுக்கிடையே அலைய வேண்டியிருந்தது. திட்டமிட்ட விரைவு ரயிலும் வரவில்லை. 2004-இல் மிராபெலில் பயணிகள் சேவையே நின்றுபோனது. ஹாங்காங் 1998 ஜூலையில் ஒரே இரவில் பழைய கை டாக் நிலையத்தை விட்டுப் புதிய நிலையத்துக்கு மாறியது. பயணிகள் பக்கம் அது சரியான வழி. ஆனால் புதிய சரக்கு முனையத்தின் தானியங்கி அமைப்பு முடங்க, சரக்கைத் திரும்பவும் கை டாக்குக்கே கொண்டுபோக நேர்ந்தது. அதனால் பழைய சரக்குக் கிடங்கைச் சில மாதங்கள் இயங்கும் நிலையில் வைத்திருங்கள்.

காலதாமதம் பெரும்பாலும் கட்டடத்தின் உள்ளமைப்புகளில்தான் பிறக்கிறது. டென்வர் நிலையம் 16 மாதம் தள்ளிப்போய் 1995-இல் திறந்ததற்குப் பயணப்பைத் தானியங்கி அமைப்பு முக்கியக் காரணம். பெர்லினில் 2012 ஜூனில் நடக்கவிருந்த திறப்பு, புகை வெளியேற்றும் அமைப்பு சரியாக வேலை செய்யாததால் நின்று, 2020 அக்டோபரில்தான் நடந்தது. கட்டுமானம் நடக்கும்போதே முனைய வடிவமைப்பைத் திரும்பத் திரும்ப மாற்றியதும் அங்கே சிக்கலைப் பெருக்கியது. ஆகவே பணி தொடங்கியபின் வடிவமைப்பைத் தொடாதீர்கள். தன்னார்வப் பயணிகளையும் உண்மையான பைகளையும் வைத்து முழு அளவு ஒத்திகை நடத்த, திறப்புக்கு முன் ஆறு மாதமாவது ஒதுக்குங்கள். அரசியல் தேதிக்காக அந்த மாதங்களை வெட்டவே கூடாது.

பழைய நிலத்தை விற்று வரும் பணத்தை இப்போதே கணக்கில் எழுத வேண்டாம். தீயணைப்புப் பயிற்சித் திடல்களில் பல்லாண்டுகள் கொட்டிய நுரையின் ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சிதையாமல் தங்கும். எரிபொருள் குழாய்த் தடத்தையும் சேர்த்து மண் பரிசோதனை செய்து, சுத்திகரிப்புச் செலவைத் திட்ட மதிப்பீட்டில் சேர்த்தபின் வாக்கெடுப்புக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
விமான நிலையப் பொறியாளர்கள், திட்டமிடலாளர்கள்