திருப்பணி நிறைவு அறிக்கை: இங்கிலாந்தின் யார்க் நகரத்து மரச்சட்ட வீடு

அன்புள்ள உறுப்பினர்களுக்கு,

வேலை முடிந்தது, சாரமும் இறங்கிவிட்டது. கூரை ஓடு, மழைநீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் ஒதுக்கிய தொகைக்குள் முடிந்தன. நீங்கள் கடிதத்துக்கு மேல் கடிதமாகக் கேட்டது, சுவருக்குச் சிமெண்ட் இருக்கச் சுண்ணாம்பு எதற்கு, அதனால் வந்த கூடுதல் செலவு ஏன் என்பதைத்தான்.

முதல் ஒப்பந்தக்காரர் தெருப்பக்கச் சுவரைச் சிமெண்டிலேயே பூசிவிடலாம், செலவும் நாளும் மிச்சம் என்றார். நாங்கள் ஒப்பவில்லை. முன்பு யாரோ பூசியிருந்த சிமெண்டைப் பெயர்த்தபோது அடியுத்தரம் ஈர மண்ணாகக் கையோடு உதிர்ந்து வந்ததைப் பார்த்த பிறகு எப்படி ஒப்புவது? இந்த வீட்டின் ஓக் மரச்சட்டம் பருவத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். சிமெண்ட் அசையாது. இடையில் விரிசல் விழும், மழைநீர் இறங்கும், இறங்கிய ஈரம் வெளியேற வழியிருக்காது. வரிச்சு கட்டி மண் அப்பிச் சுண்ணாம்பு பூசிய சுவரோ ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். முன்துருத்திய மாடியோடு இந்த வீடு இத்தனை நூற்றாண்டு நின்றது அதனால்தான்.

அந்த ஒப்பந்தக்காரர் பாதியில் விலகினார். வேறு ஆள் அமைவதற்குள் பனி பிடித்துக்கொண்டது. 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பூசிய சுண்ணாம்பு சரியாக இறுகாது, உறைபனி பட்டால் உதிரும். வசந்தம் வரை சும்மா நின்ற சாரத்துக்கு வாடகை கட்டினோம். கூடுதல் செலவு முழுவதும் அதுதான். முடிவு எங்களுடையது, இன்றும் அதையே எடுப்போம்.

இதே ஊரிலுள்ள பழைய வீடான பார்லி ஹாலைப் போல 15ஆம் நூற்றாண்டுத் தோற்றத்துக்கே திருப்பியிருக்கலாமே என்றும் சிலர் கேட்டீர்கள். அது அருங்காட்சியகம். இங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். பின்னால் வந்த செங்கல் புகைபோக்கியும் இந்த வீட்டின் வரலாறுதான். பழுது பார்ப்போம், புதுக்க வேண்டாம் என்று ஆங்கிலேய வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது சொன்னதே எங்கள் வழி. உளுத்த முனைகளை மட்டும் வெட்டி, உலராத பச்சை ஓக்கை ஒட்டுப்போட்டு மரமுளை அடித்தோம்.

அப்புறம், பொருத்துகளில் தச்சர்கள் செதுக்கிய ரோமன் எண்கள் வெளிப்பட்டன. களத்தில் அறுத்துச் சேர்த்துப் பார்த்த சட்டங்களை இங்கே அதே வரிசையில் ஏற்ற இட்ட குறிகள். கூடத்தின் நடுவே அடுப்பெரிந்த காலத்துப் புகைக்கரி கூரைச் சட்டங்களில் அப்படியே இருக்கிறது. அதைத் துடைக்க விடவில்லை.

ஓக் மரம் தந்த பண்ணையார், வரிச்சுக்கு ஹேசல் என்ற புதர்மரக் கழி வெட்டித் தந்த இரு சகோதரர்கள், ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் அனுப்பிய ஆசிரியை, பனிக்காலம் முழுதும் தேநீர் தந்த எதிர்வீட்டார், பெயர் வேண்டாமென்ற மூவர்: எல்லோருக்கும் நன்றி.

சுண்ணாம்பு வெள்ளை சில ஆண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும். அதற்கான நிதியை இப்போதே தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு