ராஜிக்கு: ஷெட்லாந்து பிடில் பற்றி

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, அதுவே பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான்.

உன் மகள் கல்லூரியில் ஃப்யூஷன் வாசிக்கிறாளாம், இரண்டு மரபைக் கலந்தால் இரண்டுமே கெட்டுப்போகாதா என்று கேட்டிருந்தாய். கொஞ்ச நாளாக நான் ஷெட்லாந்து பிடிலாகவே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதை வைத்தே சொல்கிறேனே.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கடல் நடுவே இருக்கும் தீவுகள் அவை. 1469 வரை நார்வேயைச் சேர்ந்தவை. டென்மார்க்-நார்வே அரசன் முதலாம் கிறிஸ்டியன், மகளை ஸ்காட்லாந்து அரசனுக்குக் கட்டிக்கொடுக்கும்போது சீதனப் பணம் புரட்ட முடியாமல் இந்தத் தீவுகளை அடகு வைத்தான். கடைசிவரை மீட்கவில்லை. அங்கே பேசிய நார்ன் என்ற மொழியும் காலப்போக்கில் வழக்கொழிந்தது. ஆனால் அந்தப் பழைய உறவு பிடில் வாசிக்கும் கையில் தங்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேட்டால் உனக்கே புரியும். மெட்டு பெரும்பாலும் ஸ்காட்லாந்து ரீல், ஆட்டத்துக்கான வேகமான மெட்டு. அது ஒரு தந்தியில் ஓடும்போதே வில் பக்கத்துத் தந்தியையும் தொட்டுத் தொட்டு ஒலிக்கவிடும். நார்வேயின் ஹார்டாங்கர் பிடிலிலும் இதே பழக்கம் உண்டு. அதில் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் சின்னக் கட்டை, தட்டையாக இருக்கும், வில் இரண்டு தந்தியைச் சுலபமாகச் சேர்த்துப் பிடிக்கும். அடியில் ஓடும் நாலைந்து தந்திகளில் வில்லே படாது. மேலே வாசிக்க வாசிக்க அவை தாமாக அதிரும். ஷெட்லாந்தில் அந்த அடித்தந்திகள் கிடையாது. ஆனால் சில மெட்டுகளுக்குக் கீழ்ச்சுருதித் தந்தி இரண்டையும் ஒரு முழுச் சுரம் ஏற்றி, ஏ-ஈ-ஏ-ஈ என்று கட்டிக்கொள்வார்கள். நம் கணக்கில் அது ச-ப-ச-ப! நீ தினமும் வயலினில் சேர்க்கிற அதே சுருதி. இதைப் படித்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, ராஜி.

யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கலக்கவில்லை. கல்யாணத்தில் ஆட மெட்டு வேண்டும், கிரீன்லாந்துக்குத் திமிங்கில வேட்டைக்குப் போகும் கப்பலில் பொழுது போக வேண்டும். கிடைத்ததை வாங்கித் தன் வில்லால் வாசித்தார்கள். ஷெட்லாந்தின் அன்ஸ்ட் தீவில் கிறிஸ்துமஸ் விடியலுக்கு முன்பே ஒருவர் வீடு வீடாகப் போய் 'டா டே டான்' என்ற மெட்டை வாசிப்பாராம். ஆட்டமே இல்லாத, நிதானமான மெட்டு. தேடிக் கேள்.

இதெல்லாம் இன்று நமக்குக் கிடைக்கிறதென்றால் டாம் ஆண்டர்சனுக்குத்தான் (1910-1991) நன்றி சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்த மனிதர், முதியவர்களின் வாசிப்பைப் பதிவு செய்து வைத்தார், பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். அவருடைய மாணவர்தான் பிடில் கலைஞர் ஆலி பெய்ன். பெய்னும் சுவீடன் இசைக்கலைஞர் ஆலே மொல்லரும் சேர்ந்து 2007-இல் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். அங்கே கலப்பு தெரிந்தே செய்தது, இருந்தும் சுகமாக இருக்கிறது.

கலப்பு எங்கே கெடும் என்றால் தாளத்தில்தான். சுவீடனின் ஆட்ட மெட்டான போல்ஸ்கா மூன்று அடி கொண்டது. ஆனால் பல ஊர்களில் அந்த மூன்றும் ஒரே அளவாக இருக்காது. ஓரடி முந்தும், இன்னோரடி இழுபடும். வாசிக்க வசதி என்று மூன்றையும் சமமாக வெட்டிவிட்டால் போல்ஸ்கா போயிற்று. மேடையில் எத்தனை வாத்தியம் என்பது ஒரு பொருட்டே இல்லை. அடுத்தவர் தாளம் காலில் ஏறும்வரை கூட உட்கார்ந்து கேட்கும் பொறுமை வேண்டும். உன் மகளுக்கு அது இருந்தால் பயப்படாதே, வாசிக்கட்டும்.

அவள் வாசித்ததை ரெக்கார்ட் செய்து அனுப்பு. அப்புறம், பொங்கலுக்கு நீ வருகிறாயா இல்லையா? அதைச் சொல்லாமலே கடிதத்தை முடித்துவிட்டாய்.

அன்புடன்,
கமலா