வெருகுக்கு வைத்தியம்

மன்னார்குடி
மார்கழி 12

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் எனக்கே கால் தெளிந்ததுபோல் இருந்தது. பேத்தியின் பாட்டு வகுப்பு தொடர்கிறதா? இங்கே மழை ஓய்ந்து பனி இறங்கிவிட்டது. தாழ்வாரத்தில் உடைந்த ஓடுகளை மாற்றியாயிற்று. மற்றபடி வெருகுதான் செய்தி.

"அந்தப் பூனை இன்னுமா வீட்டுக்குள் வரவில்லை?" என்று கேட்டிருந்தாய். வரவில்லை. மூன்று ஆண்டுகளாக நான் வைப்பதைத் தின்கிறாள். ஒரு நாள்கூட மடியில் ஏறியதில்லை. பழைய தமிழில் காட்டுப்பூனைக்கு வெருகு என்று பெயர். அதைத்தான் இவளுக்கு வைத்தேன், பொருத்தமாகவே இருக்கிறாள். குட்டிகள் பிறந்த 2 முதல் 7 வாரத்துக்குள் மனிதக் கை பட்டால்தான் நன்றாக ஒட்டும் என்கிறார் கால்நடை மருத்துவர். இவள் எந்த வைக்கோல் போரில் பிறந்தாளோ, வளர்ந்த பிறகுதான் என் கொல்லைக்கு வந்தாள்.

ஐப்பசி அடைமழையில் சளி பிடித்தது. கண்ணில் நீர், மூக்கடைப்பு. மத்தி மீனை முகர்ந்து பார்த்துவிட்டு இரண்டு வேளை அப்படியே போய்விட்டாள். வாசனை தெரியாவிட்டால் பூனை வாய் வைக்காது. மீனில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, ஆவி பறக்காத சூட்டில் வைத்ததும் தின்றாள். எதிர்வீட்டு அம்மாள் பாராசிட்டமால் அரை மாத்திரையைப் பாலில் கரைத்து வைக்கச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்ட பிறகு எனக்குக் கை நடுங்கிவிட்டது. பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கும் திறன் இல்லை. ரத்தம் கெட்டு உயிரே போய்விடும். பாலும் வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குச் செரிக்காது, வயிற்றோட்டம்தான் மிஞ்சும். "தின்கிறாளா? அப்படியானால் தொடாமல் கவனியுங்கள். ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டால் உடனே சொல்லுங்கள்" என்றார். பத்து நாளில் தானே தெளிந்தாள்.

காது அப்படி விடக்கூடியதாக இல்லை. கார்த்திகை தீபத்தன்று அகல் வரிசைக்கு அப்பால் உட்கார்ந்து தலையை உதறிக்கொண்டே இருந்தாள். காதுக்குள் காப்பித்தூளை அப்பியதுபோல் கறுப்பு அழுக்கு. சொறிந்து சொறிந்து காதுக்குப் பின்னால் தோல் உரிந்திருந்தது. மறுநாள் துண்டைப் போட்டு அமுக்கிப் பிடிக்கப் போனேன். கட்டைவிரலில் பல் இறங்கிவிட்டது. தவறு என்னுடையது; பயந்த உயிர் வேறு என்ன செய்யும்? சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் என்று நாய்க்கடி ஊசி. கடைசி ஊசி அடுத்த வாரம். பயப்படாதே, நன்றாக இருக்கிறேன்.

விரல் வலி இரண்டு நாளில் போயிற்று. ஒரு வாரம் அவள் கிணற்றடியைத் தாண்டி வராததுதான் தாங்க முடியவில்லை. நான் கதவைச் சாத்திய பிறகே தட்டருகில் வந்தாள். மூன்று ஆண்டு சேர்த்ததில் பாதியை ஒரு துண்டில் செலவழித்துவிட்டேன் என்று தோன்றியது. அன்று முதல் அவளுக்கு எது வந்தாலும் முதலில் இதைத்தான் யோசிக்கிறேன்: இது அவள் நம்பிக்கையில் கைவைக்கத் தகுந்த நோயா? சளிக்குக் கைவைக்க மாட்டேன். காதுக்கு வைத்துத்தான் ஆக வேண்டும், விட்டால் சீழ் பிடிக்கும்.

வழி கொல்லையிலேயே முளைத்திருந்தது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயர் உண்டு, நினைவிருக்கிறதா? களை பிடுங்கிப் போட்ட குவியலில் அதன் வேரை முகர்ந்து புரண்டுகொண்டிருந்தாள். மூடி உள்ள பிளாஸ்டிக் கூடையில் பழைய புடவையை விரித்து, புது வேர்களைப் போட்டுத் திறந்தே வைத்தேன். நான்காம் நாள் தானாக உள்ளே போய்ப் படுத்தாள். மூடினேன். கத்தினாள், ஆனால் நான் அவளைத் தொடவில்லை.

கூடையோடு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். காதுப்பூச்சிதான். பிடரி முடியை விலக்கித் தோலில் ஒரு சொட்டு மருந்து, ஒரு மாதம் கழித்து இன்னொன்று. இரண்டாவதை அவள் தின்றுகொண்டிருக்கும்போது நானே விட்டுவிடலாம் என்றார். அதற்காக இப்போதிருந்தே மீன் வைக்கும்போது பிடரியில் ஒரு விரலை வைத்து எடுக்கிறேன். நேற்று நகரவில்லை.

உன் வாசலுக்கு வரும் சாம்பல் பூனையை உள்ளே அழைக்க அவசரப்படாதே. ஒரே தட்டு, ஒரே நேரம், அவ்வளவு போதும். உன் வீட்டு நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை மட்டும் அதன்மேல் விட்டுவிடாதே. நாய் மருந்துகள் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். வெருகுக்குக் கருத்தடை செய்தபோது அடையாளமாக இடது காது நுனியை நறுக்கினார்கள். உன் பூனைக்கும் அப்படி இருக்கிறதா என்று தூரத்திலிருந்தே பார்த்து எழுது. இல்லையென்றால் தை பிறந்ததும் அங்கு வருகிறேன், கூடையும் வேரும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் விடுதி அறைத் தோழி