வலி இல்லை என்று நான் சொன்னால்

அன்புள்ள கண்ணம்மா,

போனில் பேசும்போதெல்லாம் "வலி ஏதாவது இருக்காப்பா?" என்று கேட்கிறாய். நானும் இல்லை என்கிறேன். அது உண்மைதான். எனக்குச் சர்க்கரையும் கிடையாது, நரம்புக் கோளாறும் கிடையாது. ஆனாலும் என் வயதுக்காரர்கள் சொல்லும் 'இல்லை'யை அப்படியே நம்பி நிம்மதியாக இருந்துவிடாதே.

விரல் நுனித் தோலில் மெய்ஸ்னர் உணர்விகள் என்று நுண்ணிய அமைப்புகள் உண்டு. லேசான தொடுதலையும், பிடித்த பொருள் நழுவுவதையும் கண்டுகொள்பவை அவைதான். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவருக்கும் வயது ஏற ஏற அவை குறைந்துகொண்டே வரும். சட்டைப் பட்டனை இப்போது நான் குனிந்து பார்த்துத்தான் போடுகிறேன். பட்டனின் விளிம்பு எங்கே, காஜா எங்கே என்று விரலுக்கு முன்போலப் பிடிபடுவதில்லை. பாதத்தில் உணர்வு இன்னும் மந்தம். குளிக்கிற வெந்நீரைக் காலில் ஊற்றிப் பார்க்காமல் முன்கையில் ஊற்றிப் பார்ப்பது அதனால்தான்.

வலி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. சூடு பட்டதும் சுள்ளென்று வரும் முதல் வலியை வேகமான நரம்பிழைகள் கொண்டுபோகின்றன. பின்னால் வரும் எரிச்சலை நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் மெல்லிய இழைகள் கொண்டுபோகின்றன. வயதாக ஆக அந்த வேகமான இழைகள் தளர்ந்துபோகும். சூடு உறைக்கத் தாமதமாகும், அதற்குள் தோல் வெந்துவிடலாம். ஆனால் வலி ஒருமுறை பிடித்துக்கொண்டால், அதை அடக்க மூளை கீழே அனுப்பும் தடுப்பும் பலவீனமாகிவிடுகிறது, லேசில் விடாது. கிழவர்களுக்கு வலி தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மெதுவாக வருடுவதை உணர்வதற்கென்றே, முடி உள்ள தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன. அந்த வருடலின் சுகம் வயதானாலும் குறைவதில்லை. ஊருக்கு வரும்போது என் கையைத் தடவிக்கொண்டே பேசுவாயே, அது முழுசாக எனக்கு வந்து சேர்கிறது.

சரி, முக்கியமான விஷயம். முதியவர்களுக்கு மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல் வரலாம். மூச்சு வாங்குவது, திடீர்ச் சோர்வு, தலைசுற்றல், குழப்பம் என்று வேறு முகத்தோடு வரும். அதனால் இனிமேல், "மாடி ஏறினால் மூச்சு வாங்குதா? நேற்றைவிடச் சோர்வா இருக்கா? பசி எப்படி?" என்று கேள். அம்மாவிடமும் கேள். என்னைவிட அவள்தான் எதற்கெடுத்தாலும் "ஒண்ணுமில்லடி" என்பாள்.

அன்புடன்,
அப்பா