குருகைக் கூண்டில் ஏற்றியவர்களுக்கு

ஞாயிறு மாலை சங்கப் பாட்டு வகுப்பு நடத்திய ஆசிரியை அம்மாவுக்கும் கூடப் படித்த அனைவருக்கும் வணக்கம்.

31 ஆண்டுகள் நீதிமன்றத்தில் வழக்குக் கட்டுகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். செய்யுள் என்றால் எனக்கு மனப்பாடப் பகுதி. தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகிற சங்கதி. உ.வே.சாமிநாதையர் தமிழாசிரியராக இருந்த கும்பகோணத்திலேயே பிறந்து வளர்ந்தும், அவர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகையை ஓய்வு பெறும்வரை பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. வகுப்புக்கு வந்ததும் இலக்கிய ஆசையால் அல்ல. சும்மா இருந்தால் சமையலறையில் குற்றம் கண்டுபிடிக்கிறேன் என்று என் மனைவி விரட்டிவிட்டாள். முதல் நன்றி அவளுக்குத்தான்.

முதல் மூன்று வாரமும் எனக்கு எரிச்சல். அம்மா பாட்டை இரண்டு முறை வாசிப்பார். பொருள் சொல்ல மாட்டார். "யார் பேசுகிறார்கள்? யாரிடம்?" என்று கேட்டுவிட்டு எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான்காம் வாரம் குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாட்டு வந்தது. ஐந்தே அடி. கூடியவன் மணம் பேச வராமல் நாளைக் கடத்துகிறான். தலைவி தோழியிடம் புலம்புகிறாள். 'யாரும் இல்லை, தானே கள்வன்' என்று தொடங்குகிறவள், கடைசி அடியில் 'குருகும் உண்டு', அதாவது அன்றைக்கு ஒரு கொக்கும் இருந்தது என்கிறாள். "முன்னுக்குப் பின் முரண். குறுக்கு விசாரணையில் நிற்காது" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல், "அப்படியானால் குருகைக் கூண்டில் ஏற்றுங்கள் ஐயா" என்றார்.

ஏற்றினோம். முக்கால் மணி நேரம் விசாரணை. அன்றைக்கு அதற்கு அங்கே என்ன வேலை? ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்றது. வாயே திறக்காத மீன்கடை அக்கா அப்போதுதான் பேசினார்: "ஆரல் வழுக்கிக்கொண்டு சேற்றுக்குள் போய்விடும். அதற்குக் காத்திருக்கிற கொக்கு இடி விழுந்தாலும் திரும்பாது." உரைநூலில் கிடைக்காத உரை அது. சாட்சி இருந்தது, பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வாய் பேசாது. பிறகு கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டார்: குருகுக்குத் தினைத்தாள் போன்ற சிறு பசுங்கால் என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறாளே, அந்த நேரத்தில் இவள் கண் எங்கே இருந்தது? அம்மா பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

'நேரில் கண்ட சாட்சி எவருமில்லை' என்பது நான் எத்தனையோ முறை தட்டச்சு செய்த வரி. இதே வழக்கோடு வந்து, மரத்தடியில் காத்திருந்து, வாய்தா வாங்கிப் போன பெண்களின் முகங்கள் அன்றிரவு வரிசையாக வந்தன. ஒருத்தியின் பெயர்கூட நினைவில் இல்லை. அவர்களும் ஏதோ ஒரு பறவையின் காலை நினைவில் வைத்திருந்திருப்பார்கள். அதை யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

விடுமுறை நாளிலும் மாடி அறையைத் திறந்துவைத்த நூலகருக்கும், காசை அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறேன் என்றே எல்லா வாரமும் சொன்ன டீக்கடைத் தம்பிக்கும் நன்றி. மீன்கடை அக்காவுக்கு மடலில் சொன்னால் போதாது, நேரில் வருகிறேன்.

நூலகருக்கு இன்னொன்று. குறுந்தொகையை மூன்று முறை புதுப்பித்துவிட்டேன். தவணை போன செவ்வாயோடு முடிந்தது. அபராதத்தைக் கட்டிவிடுகிறேன், புத்தகம் மட்டும் இன்னும் இரண்டு வாரம் என்னிடமே இருக்கட்டும். காலையில் அரசலாற்றங்கரையில் ஒரு கொக்கு நிற்கிறது.