மைதானத்தை விற்கும் முன் யாரைக் கேட்டார்கள்? ஸ்காட்லாந்து கால்பந்து சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காட்லாந்து கால்பந்து சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

2018இல் உங்களுக்கே இந்தக் கேள்வி வந்தது. கிளாஸ்கோவில் தேசிய அணியின் மைதானமான ஹாம்ப்டன் பார்க்கிலேயே இருப்பதா, எடின்பரோவில் ரக்பிக்காரர்களின் மர்ரேஃபீல்டுக்குப் போய்விடுவதா? இருக்கைகள் அங்கேதான் அதிகம். ஆனாலும் கிளாஸ்கோவை விட்டுப் போவதில்லை என்று முடிவெடுத்தீர்கள். குயின்ஸ் பார்க் கிளப்பிடமிருந்து ஹாம்ப்டனை 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கினீர்கள். இந்த ஊரில் வாழும் ரசிகனாக அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். உங்கள் வீட்டுக்காக நீங்கள் காட்டிய அதே பிடிவாதத்தைச் சின்ன கிளப்புகளின் வீட்டுக்காகவும் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் கேத்கின் பார்க் இருக்கிறது. 1872இல் தொடங்கிய தேர்டு லானார்க் கிளப்பின் மைதானம் அது. 1904இல் லீக்கை வென்ற கிளப், அடுத்த ஆண்டே ஸ்காட்டிஷ் கோப்பையையும் தூக்கியது. 1960–61 பருவத்தில் 34 லீக் ஆட்டங்களில் 100 கோல் அடித்து மூன்றாம் இடம் பிடித்தது. ஆறே ஆண்டுகளில், 1967இல், கிளப்பே இல்லை. அதை நடத்திய விதம் பற்றி அரசின் வர்த்தக வாரியம் விசாரணை நடத்துகிற அளவுக்கு நிலைமை கெட்டிருந்தது. இன்று கேத்கின் ஒரு பொதுப் பூங்கா. மூன்று பக்கமும் ரசிகர்கள் நின்று பார்த்த படிகள் அப்படியே இருக்கின்றன. மரங்கள் அவற்றுக்கு நடுவே வளர்ந்து நிற்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அழகுதான். ஆனால் அந்தப் படிகளில் நின்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எந்த விதியும் அன்று இல்லை.

பழைய மைதானங்கள் எல்லாம் அப்படியே இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் கிளப்பின் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்தார்கள். 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் ரசிகர்கள் இறந்த பிறகு, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று 1990இல் வந்த டெய்லர் அறிக்கை சரியான அறிக்கை. உயிரைவிடப் பெரியதாக எந்த நினைவும் இருக்க முடியாது. என் வருத்தம், பாதுகாப்பு என்ற நியாயமான காரணத்தின் பின்னாலேயே வேறு ஒரு வியாபாரமும் நுழைந்துவிட்டதைப் பற்றியது. ஊரின் நடுவில் இருந்த மைதானங்களின் நிலத்துக்கு சூப்பர்மார்க்கெட்டுகள் நல்ல விலை கொடுத்தன. பெர்த்தின் மியூர்டன் பார்க் ஆஸ்டாவுக்கும், ஏர்ட்ரியின் புரூம்ஃபீல்டு சேஃப்வேக்கும், ஹாமில்டனின் டக்ளஸ் பார்க் செயின்ஸ்பரிஸுக்கும், ஃபால்கர்க்கின் புரோக்வில் மாரிசன்ஸுக்கும் போயின.

இதில் பெர்த்தின் கதை நல்லபடியாக முடிந்தது. ஊரின் ஓரத்தில் விவசாயி புரூஸ் மெக்டயார்மிட் நிலம் கொடுத்தார். 1989இல் புதிய மைதானம் அவர் பெயரிலேயே திறந்தது. பெர்த்தின் கிளப்பான செயின்ட் ஜான்ஸ்டன் ஒரு நாள்கூட வீடில்லாமல் நிற்கவில்லை. ஃபால்கர்க்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2003இல் இரண்டாம் நிலையான முதல் டிவிஷனை வென்றும் அதற்கு மேலே உள்ள பிரீமியர் லீக்கில் அவர்களைச் சேர்க்கவில்லை. 10,000 இருக்கை வேண்டும் என்றது அன்றைய லீக் விதி. புரோக்வில் அதற்குத் தேறாது. அடுத்த ஆண்டு இன்வர்னெஸ் கிளப் மேலே ஏறியபோது நூறு மைலுக்கு அப்பால் அபர்டீனில் போய் 'சொந்த மைதான' ஆட்டங்களை ஆட வேண்டியிருந்தது. பிறகு அந்த எண்ணிக்கையை 6,000 ஆகக் குறைத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னாலேயே குறைத்திருக்கலாமே!

எல்லாவற்றிலும் என்னை வாட்டுவது கிளைட்பேங்க்தான். கப்பல் கட்டும் ஊர், குவீன் எலிசபெத் 2 கப்பல் பிறந்த ஊர். பிரபல ஆட்டக்காரர் டேவி கூப்பரை வளர்த்து ரேஞ்சர்ஸுக்கு அனுப்பிய கிளப். 1996இல் அதன் மைதானமான கில்போவி பார்க் கைவிட்டுப் போனது. புதிய மைதானம் வரும் என்றார்கள், வரவில்லை. முதலில் டம்பார்ட்டனின் போக்ஹெட், அப்புறம் கிரீனக்கின் கப்பிலோ என்று அடுத்தவர் மைதானங்களில் ஆடினார்கள். தன் ஊரில் ஆடாத அணிக்கு எத்தனை பேர் வருவார்கள்? கூட்டம் தேய்ந்தது, பணம் தேய்ந்தது. அதே காலத்தில் ஏர்ட்ரியும் புரூம்ஃபீல்டை விற்றுவிட்டு நான்கு ஆண்டுகள் கம்பர்நால்டில் இரவல் மைதானத்தில் ஆடியது, 1998இல் பத்தாயிரம் இருக்கைகளோடு சொந்த மைதானம் கட்டியது, 2002இல் திவாலானது. உடனே ஏர்ட்ரி ஆட்கள் தள்ளாடிக்கொண்டிருந்த கிளைட்பேங்கை வாங்கினார்கள். பெயர், நிறம், ஊர் எல்லாவற்றையும் மாற்றி ஏர்ட்ரி யுனைடெட் ஆக்கினார்கள். ஏர்ட்ரி ரசிகர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களும் வீட்டை இழந்தவர்கள்தான். ஆனால் அதற்கு அனுமதி தரப்பட்டது என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. கிளைட்பேங்க் ரசிகர்கள் 2003இல் ஜூனியர் கால்பந்து என்று இங்கே சொல்லும், லீக்குக்கு வெளியே உள்ள பெரியவர்களின் கால்பந்தின் அடிமட்டத்திலிருந்து தங்கள் கிளப்பை மறுபடி தொடங்கினார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

வேறு வழி உண்டு என்பதை எடின்பரோவின் ஹார்ட்ஸ் கிளப் ரசிகர்கள் காட்டினார்கள். 2004இல் தங்கள் மைதானமான டைன்காசலை வீடு கட்டும் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு மர்ரேஃபீல்டில் வாடகைக்கு ஆடும் திட்டம் வந்தது. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள், விற்பனை நின்றது. 2013இல் கிளப் திவாலின் விளிம்புக்குப் போனபோது மாதாமாதம் தங்கள் பணத்தைப் போட்டுக் காப்பாற்றியதும் அவர்களே. 2017இல் அதே இடத்தில் பழைய ஸ்டாண்டை இடித்துப் புதியதைக் கட்டிவிட்டார்கள். நவீன வசதி வேண்டுமென்றால் ஊரை விட்டு ஓட வேண்டியதில்லை. ஆனால் டைன்காசல் பிழைத்தது ரசிகர்களின் பிடிவாதத்தால். எந்த விதியும் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. அவ்வளவு பெரிய கூட்டம் இல்லாத கிளப் என்ன செய்யும்?

இங்கிலாந்தில் 2025இல் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்துவிட்டது. முதல் ஐந்து நிலைகளில் ஆடும் எந்த கிளப்பும் சுதந்திர ஒழுங்காற்று அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் இனி சொந்த மைதானத்தை விற்க முடியாது. அந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. ஆனால் சட்டம் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கிளப் உரிமம் உங்கள் கையில் இருக்கிறது. மைதான வசதி, நிர்வாகம் என்று எத்தனையோ அதில் பார்க்கிறீர்கள். சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் மைதானத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்பதையும் அதில் சேருங்கள். ஒப்புதல் கேட்டு வருகிறவர்கள் அதே ஊரில் மாற்று மைதானம் எங்கே, பணம் எங்கே, எப்போது தயாராகும் என்பதைக் காட்டட்டும். வெறும் வரைபடம் போதாது. ரசிகர்கள் வாக்களித்துச் சம்மதிக்கட்டும். இரவல் மைதானத்தில் எத்தனை பருவம் ஆடலாம் என்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும்.

இதற்கெல்லாம் நாளாகும் என்றால், முதல் வேலையாக ஒன்றைச் செய்யுங்கள். உரிமம் பெற்ற ஒவ்வொரு கிளப்பின் மைதானமும் இன்று யார் பெயரில் இருக்கிறது, கிளப்பின் பெயரிலா, முதலாளியின் இன்னொரு நிறுவனத்தின் பெயரிலா, நகராட்சியிடமா, குத்தகை எப்போது முடிகிறது என்ற பட்டியலை அடுத்த பருவம் தொடங்கும் முன் பகிரங்கமாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கிளாஸ்கோவில் வாழும் ஒரு கால்பந்து ரசிகன்