செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் அவர்களுக்கும் வரும். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

நைஜீரியாவின் எனுகு நகரில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களின் சங்கமாகிய நாம், பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி மூன்றையும் வழக்கம்போல் கொண்டாடினோம். பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடந்தது. செயற்குழு ஆறு முறை கூடியிருக்க வேண்டும், நான்கு முறை கூடியது.

அடுத்து, இந்த ஊர் மக்களின் மொழியான இக்போவுக்கு நாம் நடத்திய வகுப்பு. சென்ற பொதுக்குழுவில், "தமிழ்ச் சங்கத்தில் இக்போ எதற்கு?" என்று ஒரு குரல் எழுந்தது. இந்த மண்ணில் சம்பாதித்து, இந்தச் சந்தையில் காய் வாங்கி, இவர்கள் கல்யாணங்களில் பந்தியில் உட்காருகிறோம். ஆனால் காவலாளியிடம் "கெது" என்று நலம் விசாரிப்பதோடு நம் இக்போ தீர்ந்துவிடுகிறது. அது எனக்கு உறுத்தலாக இருந்தது, அவ்வளவுதான். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மா, சம்பளம் வேண்டாம் என்று சொல்லியே பாடம் எடுத்தார்.

முதல் நாளே "அக்வா" என்ற ஒரே சொல்லைப் பலகையில் நான்கு முறை எழுதினார். இரண்டு அசையையும் குரல் ஏற்றிச் சொன்னால் அழுகை. ஏற்றி இறக்கினால் துணி. இறக்கி ஏற்றினால் முட்டை. இரண்டையும் இறக்கினால் கட்டில். மறுநாள் ஒக்பெதே சந்தையில் நான் முழு நம்பிக்கையோடு ஒரு டஜன் முட்டை கேட்டேன். அந்தப் பெண் ஜவுளிக்கடை வரிசையைக் கைகாட்டினாள். 1961இல் ஒன்வு குழு இக்போவுக்கு வகுத்த எழுத்துமுறையில் 36 எழுத்துகள். kp, gb என்று எழுதுகிற ஒலிகளை நாம் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறோம்; அவர்கள் அடிநாக்கும் உதடும் சேர்ந்து ஒரே வெடிப்பாகச் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் வரவில்லை.

இக்போ வாரத்துக்கு மொத்தமே நான்கு நாட்கள், நான்கும் சந்தை நாட்கள்: எக்கே, ஒரியே, அஃபோ, ந்க்வோ. ஒக்கெக்கே, ஒக்கொரியே, ஒக்காஃபோர், ஒக்கொன்க்வோ என்று நம் அலுவலகங்களில் தினம் கூப்பிடுகிற பெயர்களெல்லாம் அந்தந்த நாளில் பிறந்தவன் என்பதிலிருந்து வந்தவை. பஞ்சாங்கம் பார்க்கிற நமக்கு இது இத்தனை வருஷம் தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

ஆசிரியை அம்மா வீட்டில் கோலாக்கொட்டை உடைத்ததையும் சொல்லியாக வேண்டும். ஒஜி என்பார்கள்; விருந்தாளி வந்தால் அதை உடைத்துத்தான் வரவேற்பு. அவருடைய அண்ணன் கொட்டையைக் கையில் ஏந்தி இக்போவில்தான் வேண்டினார்; ஒஜிக்கு வேறு மொழி விளங்காதாம். உடைத்ததும் நான்கு பிளவு வந்தது. நான்கு சந்தை நாட்கள், நல்ல சகுனம் என்று எல்லோர் முகத்திலும் சிரிப்பு. மிளகாய் போட்ட வேர்க்கடலை விழுதைத் தொட்டுத் தின்றோம். வாயெல்லாம் கசப்பு. அப்புறம் தண்ணீர் குடித்தால், நெல்லிக்காய் தின்ற பிறகு வருமே, அந்த மாதிரி லேசான தித்திப்பு. உடைப்பது ஆண்கள் வேலை என்று வழக்கம் இருப்பதால் நம் மகளிர் அணித் தலைவி கொஞ்சம் முகம் சுளித்தார். ஆசிரியை அம்மாவும் அவரோடு சேர்ந்துகொண்டார். புறப்படும்போது முழுக் கொட்டை ஒன்றை என் கையில் வைத்து, "ஒஜி வீடு போய்ச் சேர்ந்ததும், எங்கிருந்து வந்தேன் என்று அதுவே சொல்லும்" என்றார் பெரியவர்.

சமையல் வகுப்பு ஒன்றும் நடந்தது. ஒஃபே ஒனுக்பு என்கிற கீரைக் குழம்புக்குக் கசப்புக்கீரையை நுரை அடங்கும்வரை தண்ணீர் மாற்றி மாற்றிக் கசக்க வேண்டும்; என் விரல் நுனிகள் இரண்டு நாள் பச்சையாக இருந்தன. குழம்பைக் கெட்டியாக்குவது வேகவைத்து இடித்த சேப்பங்கிழங்கு. அதோடு தின்கிற ஃபுஃபு என்ற களி உருண்டையை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்றபோது, கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த தருமபுரிக்காரர்கள் "இது எங்களுக்குத் தெரியாதா" என்றார்கள். கருவாடு வேண்டாம் என்ற சைவ உறுப்பினர்களை ஒக்பா காப்பாற்றியது: மண்ணுக்கடியில் காய்க்கும் ஒரு பயற்றின் மாவில் செம்பனை எண்ணெய் கலந்து, வாழையிலையில் கட்டி அவித்தது.

முதல் வகுப்புக்கு 22 பேர் வந்தார்கள். நான்காம் மாதம் ஏழு பேர், அதில் இரண்டு பேர் ஆசிரியை அம்மாவின் தங்கை பிள்ளைகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கேள்வி எழுப்பிய அன்பர் ஒரு வகுப்புக்கும் வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். வரவுக்குள் செலவு ஏறக்குறைய அடங்கியது. 2023இல் நைரா நாணயத்தின் மதிப்பு சரிந்ததிலிருந்து ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றும்போதெல்லாம் கை நடுங்குகிறது. "இதர" என்ற தலைப்பு கொஞ்சம் பருத்துத் தெரிந்தால், அது கோலாக்கொட்டையும் ஆசிரியை அம்மா வந்துபோன கேக்கே (இங்குள்ள ஆட்டோ) வாடகையும்தான்.

41 குடும்பங்களில் 19 குடும்பங்களின் சந்தா வரவில்லை. ஆறு குடும்பங்களுக்கு இது இரண்டாம் ஆண்டு. இக்போக்காரர்களின் ஊர்ச் சங்கங்கள் லாகோஸில் இருப்பவரிடமும் வெளிநாட்டில் இருப்பவரிடமும் விடாமல் வரி வாங்கி ஊரில் பள்ளிக்கூடம் கட்டுகின்றன. பாக்கி வைத்துவிட்டு ஒருவர் கண்ணை மூடினால், குடும்பம் அதைத் தீர்த்த பிறகே அடக்கத்துக்கு ஊர் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்கவில்லை.

தலைவர், பொருளாளர், மண்டபம் தந்தவர்கள், தேநீர் போட்ட சகோதரிகள் அனைவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மாவுக்கு "தாலு".

வரும் ஆகஸ்டில் இரி ஜி, அதாவது புது யாம் கிழங்குத் திருவிழாவுக்கு, ஆசிரியை அம்மாவின் கிராமத்துக்கு நம்மை அழைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர் முதல் துண்டைத் தின்ற பிறகுதான் மற்றவர்கள் புதுக் கிழங்கைத் தொடுவார்கள். அழைத்தவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது, வண்டியும் பிடிக்க வேண்டும். கடைசியாக, இந்தச் செயலாளர் பதவியில் எனக்கு ஆசை இல்லை; யாராவது முன்வந்தால் இன்றே சாவியைக் கொடுத்துவிடுவேன்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் சூடாக ஒக்பா இருக்கும். அதே மேசையில் ரசீதுப் புத்தகமும் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்